பிடுங்கியும் திரும்பி வருகிறதா? மருந்தடிக்காமல் ஆக்கிரமிப்புச் செடிகளை ஒழிக்க, அறிகுறி பார்த்து ஒரு வழிமுறை

தோட்டத்தில் வேண்டாத செடிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. விடுமுறை நாள் முழுக்கக் குனிந்து, கை காய்த்து, முதுகு பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே பச்சை. அப்போதுதான் பலருடைய கை களைக்கொல்லிப் பாட்டிலை நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்கச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உழைப்பு வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லாச் செடிக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறோம். சில செடிகளின் உயிர் விதையில் இருக்கிறது. சிலவற்றுக்கு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில், சிலவற்றுக்குத் தூரில், இன்னும் சிலவற்றுக்குத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும். உயிர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே வெட்டினாலும் செடிக்கு அது வெறும் கத்தரிப்புதான். எங்கே உயிர் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. செடி எப்படித் திரும்பி வருகிறது என்று கவனித்தால் போதும். அதனால் கீழே செடியின் பெயரை வைத்துப் பிரிக்காமல், நீங்கள் கண்ணால் பார்க்கும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: ஒன்றே ஒன்றை முழுசாகத் தோண்டிப் பாருங்கள்

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. திரும்பி வந்த செடிகளில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மெதுவாக அலசுங்கள். அடியில் என்ன தெரிகிறது?

மெல்லிய ஒற்றை வேரும், மேலே இரண்டு வித்திலைகளும் இருந்தால் அது விதையிலிருந்து புதிதாக வந்தது. கறுப்புக் கம்பி போன்ற இழையும், அதில் கோத்த மணி போல உருண்டையும் இருந்தால் கிழங்குச் செடி. வெள்ளையாக, கணுக்கணுவாகப் பக்கவாட்டில் ஓடினால் வேர்த்தண்டு. பழைய தடித்த கட்டையிலிருந்து புதுத் தளிர் பிரிந்து வந்திருந்தால் தூர் துளிர்ப்பு. இந்த ஒரு வாளித் தண்ணீர் உங்களுக்குப் பல வார வேலையை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: பிடுங்கிய இடத்தில் ஒரே வாரத்தில், முன்பைவிட நெருக்கமாக வருகிறது

அநேகமாக இது கோரை. தாளை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். கோரைத் தண்டு மூன்று முனையாகத் தட்டும்.

நானும் பல மாதம் கோரையைக் கையால் பிடுங்கித்தான் கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுமையாக ஒரு செடியை மண்ணோடு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். செடியின் அடியில் தூர்க்குமிழ். அதிலிருந்து மெல்லிய, விறைப்பான ஓர் இழை. விரல் நீளம் போனதும் பழுப்பு நிறச் செதில் மூடிய ஒரு கிழங்கு. அதிலிருந்து மறுபடி ஓர் இழை, மறுபடி ஒரு கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைச் சதை, நல்ல மணம். அந்த ஒரு சங்கிலியில் மட்டும் ஒன்பது கிழங்குகள். மேலே தழை விட்டிருந்தது அதில் இரண்டுதான். மீதி ஏழும் தூங்கிக்கொண்டிருந்தன.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. சங்கிலி முழுசாக இருக்கும்வரை முன்னால் இருக்கும் கிழங்கு பின்னால் இருப்பவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நீங்கள் தழையைப் பிடித்து இழுக்கும்போது இழை அறுகிறது. அந்த அடக்குமுறை போய்விடுகிறது. தூங்கியவை ஒவ்வொன்றாக எழுகின்றன. ரோட்டவேட்டர் விட்டு உழுதால் இன்னும் மோசம்: சங்கிலிகளை எல்லாம் துண்டாக்கித் தோட்டம் முழுக்க நீங்களே நட்டுக் கொடுத்த கணக்கு.

இடம் சின்னதாக இருந்தால், அதாவது ஒரு பாத்தி இரண்டு பாத்தி அளவென்றால், தோண்டுவதே நல்லது. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணிலேயே இருக்கும். செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை எடுத்து, சல்லடையில் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். மண் பொலபொலவென்று காய்ந்திருக்கும் காலத்தில் செய்யுங்கள். ஈர மண்ணில் கிழங்கும் மண்கட்டியும் ஒன்றுபோல இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். வறண்ட காலத்தில் இன்னொரு லாபமும் உண்டு: தப்பிய கிழங்குகள் மண்ணின் மேலே கிடந்தால் வெயிலில் சுருங்கிச் செத்துப்போகும். தோண்டியதும் தண்ணீர் விடாமல் காயப் போடுங்கள்.

இடம் பெரியதென்றால் தோண்டிக் கட்டாது. அப்போது செடியைப் பட்டினி போட வேண்டும். கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் முதல் இலைகளை விடுகிறது. இலைகள் விரிந்து சில வாரம் வெயில் வாங்கிய பிறகுதான் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கும். ஐந்தாறு இலை வருவதற்குள் அறுத்துவிட்டால் அது செலவுக் கணக்கு மட்டுமே எழுதும், வரவே இருக்காது. வெப்பமான, வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நாள் குறித்து வைத்துக்கொண்டு கொத்துங்கள். ஒரு கிழங்கில் பல முளைகள் உண்டு. ஒன்று போனால் அடுத்தது வரும். அதனால் மூன்றாவது முறைக்குப் பிறகும் வருகிறதே என்று மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு முறையும் வரும் தாள் முன்பைவிட மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்தால் வேலை நடக்கிறது. நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் கிழங்கு இழந்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துவிடும். அதுவரை பட்ட பாடு வீண்.

கோரைக்கு நிழல் ஆகாது. பட்டினி போட்டு மெலிய வைத்த இடத்தில் நெருக்கமாகப் படரும் கொடியோ, உயர்ந்து வளரும் பயிரோ போட்டு நிழல் கட்டினால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

அருகம்புல்லும் இப்படித்தான் திரும்பி வரும், ஆனால் அதற்குக் கிழங்கு கிடையாது. தரைக்கு மேலே ஓடுதண்டு, கீழே வேர்த்தண்டு. இரண்டிலும் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. மண்வெட்டியால் கொத்தினால் துண்டாகும். பல் வைத்த கிளறியால் மண்ணை நெம்பித் தளர்த்தி, வேர்த்தண்டை அறுக்காமல் நூல் உருவுவது போல உருவுங்கள். இது நேரம் பிடிக்கும் வேலை. அவசரப்பட்டால் இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

அறிகுறி: வெட்டிய கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர்

உண்ணிச்செடி, சீமைக்கருவேலம், சுபாபுல் ஆகியவற்றைத் தரைக்கு மேலே வெட்டினால் இதுதான் நடக்கும். ஒரு தண்டாக இருந்தது ஆறேழு தண்டாகிப் புதராகும். இவற்றுக்குத் துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே பதுங்கியிருக்கின்றன. வேர் முழுவதையும் எடுக்க வேண்டிய அவசியமில்லை. அந்த மொட்டுப் பகுதி போனால் போதும். அதை விட்டுவிட்டு மேலே எத்தனை முறை வெட்டினாலும் பயன் இல்லை.

உண்ணிச்செடிக்கு இதை முறையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் உண்ணிக்காட்டை மீட்டபோது கையாண்ட முறை இது: தண்டு மண்ணில் இறங்கும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடுவது. அடியில் விட்ட வேர் துளிர்ப்பதில்லை. தலைகீழாகக் கிடப்பதால் தண்டு மண்ணைத் தொட்டு மறுபடி வேர் பிடிக்கவும் முடியாது. வீட்டுத் தோட்டத்துக்கு இது அருமையாகப் பொருந்துகிறது, ஏனென்றால் மண்ணை அதிகம் கிளற வேண்டியதில்லை. மண்ணைக் கிளறுவது புதைந்திருக்கும் விதைகளை எழுப்பும்.

செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள். முதலில் மேல் கிளைகளை இடுப்பளவுக்குக் கழித்துவிடுங்கள். முள்ளும் சொரசொரப்பும் குறையும், தூர் கண்ணுக்குத் தெரியும். மீதித் தண்டைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் கையால் மண்ணை விலக்கி ஆணிவேரைக் கண்ணால் பார்த்த பிறகு வெட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வெட்டு தூரில் விழும், மொட்டுகள் கீழேயே தங்கிவிடும். காய் பழுக்கும் முன்பே இதை முடிப்பது முக்கியம். பழத்தைத் தின்ற பறவைகள் எந்த மரக்கிளையில் உட்காருமோ அதன் அடியில் அடுத்த நாற்றுகள் வரும். ஆகவே செடியை எடுத்த பிறகு உங்கள் கண் போக வேண்டியது வெட்டிய இடத்துக்கு மட்டுமல்ல, மரத்தடிகளுக்கும் வேலியோரங்களுக்கும்தான். இலையும் காயும் கால்நடைக்கு நஞ்சு. கழித்த தழையை ஆடுமாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

சீமைக்கருவேலத்துக்கு மொட்டுப் பகுதி இன்னும் ஆழம். முதிர்ந்த மரமாக இருந்தால் 30 செ.மீ. வரை பக்கவாட்டில் பள்ளம் எடுத்து, அதற்குக் கீழே வேரை வெட்டித் தூரை நெம்பி எடுக்க வேண்டும். நாற்றாக இருக்கும்போது மழை விட்ட மறுநாள் இழுத்தால் கையோடு வரும். ஒரு பருவம் தள்ளிப்போட்டால் கடப்பாரை வேண்டும்.

தூரை எடுக்கவே முடியாத இடம், சுவர் ஓரம், குழாய் ஓடும் இடம் என்றால் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். பிறகு வருகிற தளிரை விரல் நீளம் ஆகும்போதெல்லாம் கையால் உரித்து எடுங்கள். கத்தியால் வெட்டாமல் உரிக்கச் சொல்வதற்குக் காரணம், வெட்டினால் தளிரின் அடிக்கணு நின்று அதிலிருந்து இரண்டு கிளைக்கும். உரித்தால் அடியோடு போகும். கட்டையின் மேல் தடித்த கறுப்பு பாலித்தீன் தாளை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, ஓரத்தில் மண் தள்ளி, கல் வைத்துவிட்டால் வெளிச்சமில்லாமல் தளிர் வெளுத்துச் சோரும். ஓர் ஆண்டாவது அப்படியே விட வேண்டும்.

மரத்தின் பட்டையை வளையமாக உரித்துக் காய வைக்கும் முறை எல்லா மரத்துக்கும் ஒத்துவராது. வேரிலிருந்து பக்கக்கன்று விடும் மரங்களில் அது நாலா பக்கமும் புதுக்கன்றுகளைக் கிளப்பிவிடும். நின்றபடி காய்ந்த மரம் வீட்டருகில் விழும் ஆபத்தும் உண்டு. வீட்டு வளாகத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: சுத்தம் செய்த வெற்றிடம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி நாற்று

பயப்பட வேண்டாம். இது தோல்வி அல்ல. மண்ணுக்குள் சேர்ந்து கிடந்த விதைக் கையிருப்பு வெளியே வருகிறது. வெளியே வந்தால்தான் தீரும்.

பார்த்தீனியம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். மேல்மண்ணில் கிடக்கும் விதை ஈரம் பட்டதும் முளைக்கும். ஆழத்தில் புதைந்தது பல ஆண்டு காத்திருக்கும். அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் ஆழமாகக் கொத்தினால் என்ன ஆகும்? அடியில் காத்திருந்தவை மேலே வரும், மேலே உள்ளவை அடியில் போய்ப் பதுங்கும். கையிருப்பு தீரவே தீராது.

அதனால் இதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டும். நிலத்தைச் சமன்படுத்தி, வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, முளைக்க விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் நாற்றுகள் எழும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில், வெயில் நாளாகப் பார்த்து, களைக்கொத்தின் வாயை மண்ணோடு கிடையாகப் பிடித்து, தோலைச் சீவுவது போல இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் சீவுங்கள். நாற்றுகள் அங்கேயே காயட்டும். மறுபடி தண்ணீர், மறுபடி சீவல். இரண்டு மூன்று சுற்றில் மேல்மண்ணின் கையிருப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். அதன் பிறகே நடவு, அல்லது மூடாக்கு (அட்டை, சருகு போன்றவற்றால் மண்ணை மூடுவது).

வளர்ந்த பார்த்தீனியத்தை மழைக்குப் பிறகு, பூக்கும் முன், ஆணிவேரோடு இழுங்கள். தழையை மட்டும் அறுத்தால் தூரிலிருந்து குட்டையாகக் கிளைத்து, இன்னும் விரைவாகப் பூக்கும். பூத்துவிட்டதா? முதலில் பூக்கதிர்களைக் கிள்ளிப் பையில் கட்டிவிட்டுப் பிறகு செடியை இழுங்கள். பிடுங்கிப் போட்ட செடியிலும் பூ விதையாக முற்றும்.

கையுறை, முழுக்கை சட்டை, முகத்தில் துணி இல்லாமல் இந்தச் செடியைத் தொடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தோல் அரிப்பு, தடிப்பு, மூச்சு இளைப்பு எல்லாம் முதல் நாள் வராமல் போகலாம். பல முறை தொட்ட பிறகு உடம்பில் ஒவ்வாமை தொடங்கிவிடும். அதன் பிறகு மகரந்தம் பட்டாலே போதும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே சரி. உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மழைக்காலத்தில் பார்த்தீனியத்தின் இலைகளைச் சல்லடையாகத் தின்னும், வெள்ளை முதுகில் பழுப்புக் கோடுகள் கொண்ட ஒரு சிறு வண்டைப் பார்த்தால் அதைக் கொல்ல வேண்டாம். மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்கு 1984-இல் இதற்காகவே கொண்டுவரப்பட்டு விடப்பட்டது அது. தனியாக அது ஒழித்துவிடாது. ஆனால் அது தின்ற செடி குறைவாகத்தான் பூக்கும்.

அறிகுறி: பிடுங்கிக் குவித்த குப்பையிலிருந்தே முளைக்கிறது

இப்போது உயிர் கணுவில் இருக்கிறது. மஞ்சள் பூவோடு தரையில் பாயாகப் படரும் வெடேலியா, நாளுக்கு நாள் நீளும் மிக்கேனியா கொடி போன்றவற்றின் தண்டு எங்கே மண்ணைத் தொட்டாலும் வேர் விடும். அழகுக்காகத் தொட்டியில் வைத்த வெடேலியாதான் பல தோட்டங்களை மூடியிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன.

புல்வெட்டும் இயந்திரத்தை இவற்றின் மேல் ஓட்டக் கூடாது. அது நூறு துண்டாக்கி வீசும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். வேர் விட்ட கணுக்களைக் கையால் நெம்புங்கள். சுருட்டியதை மண்ணில் வைக்காமல், விரித்த தார்ப்பாயிலோ சிமென்ட் தளத்திலோ போடுங்கள். அன்று மாலையே அந்த இடத்தை ஒருமுறை நடந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்குங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி. பொறுக்குவதுதான் இதில் பாதி வேலை.

ஜப்பானிய நாட்வீட் என்ற களை இருக்கும் நிலங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதன் வேர்த்தண்டில் ஒரு கிராம்கூட எடையில்லாத துண்டு போதும், புதுச்செடி வந்துவிடும். சில நாடுகளில் அதைக் குப்பையில் போடுவதற்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. அதைத் தோண்டத் தொடங்காமல், வளரும் பருவம் முழுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரையோடு வெட்டிப் பட்டினி போடுவதே வீட்டளவில் பாதுகாப்பு. ஓராண்டில் முடியாது, பல ஆண்டு வேலை.

பிடுங்கியதை என்ன செய்வது? உரக்குழியில் நேராகப் போடாதீர்கள். நன்றாகச் சூடேறி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் நிற்கும் குவியலில்தான் விதைகள் சாகும். வீட்டு உரக்குழிகளில் பெரும்பாலும் நடுப்பகுதி மட்டுமே சூடாகும், ஓரத்தில் விதைகள் சுகமாக இருக்கும். தண்டும் கிழங்குமாக இருந்தால் கையில் நொறுக்கினால் சடசடவென்று உடையும்வரை வெயிலில் காய வையுங்கள். அல்லது மூடியுள்ள பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, கல்லை வைத்து அமுக்கி, அழுகிக் கூழாகும்வரை ஊறவிடுங்கள். நாறும், ஆனால் அந்தத் தண்ணீரை நீர்த்துச் செடிகளுக்கு விடலாம். விதை உள்ள பூக்கதிர்களை மட்டும் இந்த இரண்டிலும் சேர்க்காமல், கறுப்புப் பையில் கட்டி வெயிலில் பல வாரம் வேக வையுங்கள்.

அறிகுறி: கொடி மரத்தின் மேல் ஏறிவிட்டது

இழுக்காதீர்கள். பட்டை உரியும், காய்ந்த கிளை தலையில் விழும். மரத்தைச் சுற்றிக் கொடிகளை இடுப்பு உயரத்தில் ஒருமுறை, தரையோடு ஒருமுறை வெட்டி, நடுவில் உள்ள துண்டை எடுத்துவிடுங்கள். மேலே உள்ளது தானாகக் காய்ந்து உதிரட்டும். உங்கள் வேலை கீழே உள்ள வேரோடுதான்.

வேரே தெரியாமல், மஞ்சள் நூல் பந்து போலச் செடியைச் சுற்றியிருந்தால் அது அம்மையார் கூந்தல். அது மண்ணை விட்டுவிட்டு உங்கள் செடியின் சாற்றையே உறிஞ்சி வாழ்கிறது. நூலைப் பிய்த்தால் உறிஞ்சிகள் தண்டுக்குள் தங்கிவிடும், மறுபடி வளரும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நூல் தொட்ட இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டிவிட வேண்டும். பூக்கும் முன் செய்யுங்கள். இதன் விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அறிகுறி: மூடாக்கு போட்டும் துளைத்துக்கொண்டு வருகிறது

முதலில் எதைத் துளைக்கிறது என்று பாருங்கள். அட்டைகள் சேரும் இடுக்கில் வருகிறதென்றால் குறை மூடாக்கில் இல்லை, அடுக்கியதில். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவையும் ஊக்குகளையும் உரித்து, ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, சொட்டச் சொட்ட நனைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. மரச்சீவலோ சருகோ போட வேண்டும். சருகு மக்கித் தாழும். தாழத் தாழ மேலே போட்டுக்கொண்டே இருங்கள். மரத்தூரை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

கோரை என்றால் கதை வேறு. அதன் முளை ஊசி போன்றது. மெல்லிய கறுப்புப் பாலித்தீனை அப்படியே குத்திக்கொண்டு மேலே வரும். அதற்கு நெருக்கமாக நெய்த தடித்த நிலப்போர்வைத் துணிதான் தாக்குப்பிடிக்கும். ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளின் அடியிலோ, முளை வெளிச்சத்தைப் பார்த்ததும் இலையை விரித்துவிடுகிறது. விரிந்த இலையால் குத்த முடியாது, உள்ளேயே சூட்டில் மாட்டிக்கொள்ளும். எனக்கு இது மிகவும் பிடித்த நுணுக்கம். ஒரு செடியின் வழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறோம்.

இந்த ஒளி ஊடுருவும் தாளை வைத்து மண்ணைச் சூடேற்றும் முறைக்கு மண் வெப்பமூட்டல் என்று பெயர். இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கட்டான் குழுவினர் 1976-இல் இதை ஆய்வாக வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. பலர் கறுப்புத் தாளைப் போட்டுவிட்டுப் பலிக்கவில்லை என்கிறார்கள். கறுப்புத் தாள் தான் சூடாகும், மண்ணை அவ்வளவு சூடாக்காது. வெயிலை உள்ளே விடும் தாளே மண்ணைச் சூடாக்கும். இரண்டாவது குறை, காய்ந்த மண்ணின் மேல் விரிப்பது. ஈரம்தான் சூட்டைக் கீழே கொண்டுபோகும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். மூன்றாவது, தாளுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றுப்பை. கல், கட்டி பொறுக்கிச் சமன் செய்து, இழுத்து விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதையுங்கள். ஆண்டின் மிகக் கடுமையான வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம். நிழல் விழும் இடத்தில் இது வேலைக்காகாது. விதைகளுக்கும், ஆழம் போகாத அருகுக்கும் நல்ல பலன் உண்டு. கோரைக் கிழங்கை மெலிய வைக்கும். இது ஒன்றே அதை முடித்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

தாளை எடுத்த பிறகு அந்த மண்ணை ஆழமாகக் கொத்தாதீர்கள். மேலே செத்துவிட்டது, அடியில் சாகவில்லை.

அறிகுறி: வினிகர், உப்பு, வெந்நீர் எல்லாம் ஊற்றியும் வருகிறது

வரத்தான் செய்யும். சமையல் வினிகர் இலையைத்தான் கருக்கும், வேருக்குப் போகாது. நேற்று முளைத்த நாற்று சாகும், தூர் உள்ள செடி பத்து நாளில் தளிர்க்கும். வீரியம் கூடிய வினிகர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மருந்தடிக்காமல் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைக் கையாள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உப்பைப் பற்றிக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: போடாதீர்கள். உப்பு மக்கிப் போகாது. மண்ணின் பொலபொலப்பைக் கெடுத்து, நீர் இறங்க விடாமல் இறுக்கி, மழையோடு பக்கத்து மரத்தின் வேருக்குப் போகும். கடைசியில் அங்கே முதலில் திரும்பி வருவது உப்பைத் தாங்கும் களைகளாகத்தான் இருக்கும்.

கொதிநீர் மட்டும் ஓரிடத்தில் உதவும்: நடைபாதைக் கல் இடுக்கு, படிக்கட்டு வெடிப்பு. அங்கே இளம் நாற்றுகளின் தூரில் மெதுவாக ஊற்றலாம். பாத்தியில் வேண்டாம், மண்புழுவும் சேர்ந்து வேகும்.

அறிகுறி: நம் பக்கம் சுத்தம், ஆனால் வேலியோரத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது

ஓடும் தண்டா, பறக்கும் விதையா என்று பிரித்துப் பாருங்கள். அருகு போன்றவை ஓடி வருகின்றன என்றால், எல்லையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குறுகலான வாய்க்கால் எடுத்துத் திறந்தே வையுங்கள். வேர்த்தண்டு வெளிக்காற்றில் தலை நீட்டும்போது மாதம் ஒருமுறை அறுத்தால் போதும். பரவும் வகை மூங்கிலுக்கு இது போதாது. 60 செ.மீ. ஆழத்துக்குக் குறையாத தடுப்புத் தகடு, தரைக்கு மேலே ஐந்து செ.மீ. தெரியும்படி இறக்க வேண்டும். விதை பறந்து வருகிறதென்றால் தடுப்பு எதுவும் பயன் தராது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, பூக்கும் முன் இரு பக்கமும் ஒரே நாளில் எடுப்பது ஒன்றே வழி. கையுறையோடு போய் நீங்களே எடுத்துத் தருகிறேன் என்றால் மறுப்பவர்கள் குறைவு.

அறிகுறி: ஒன்று ஒழிந்தது, அதே இடத்தில் வேறொன்று வந்துவிட்டது

வெறும் மண்ணை விட்டுவைத்தீர்கள். இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. ஒரே நேரத்தில் முழுத் தோட்டத்தையும் சுத்தம் செய்யாமல், உங்களால் நட்டுப் பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பிரித்து எடுங்கள். ஆக்கிரமிப்பு குறைவாக உள்ள பக்கத்தில் தொடங்கி, அடர்த்தியான பக்கத்தை நோக்கி நகருங்கள். எடுத்த அன்றே மூடாக்கு, முடிந்த அளவு விரைவில் அந்த மண்ணுக்கே உரிய செடிகள், நெருக்கமாக. சரிவான நிலத்தில் வேரோடு பிடுங்கினால் மழையில் மண் அடித்துப் போகும். அங்கே தரையோடு வெட்டி, தளிரை உரித்துக்கொண்டே, நடுநடுவில் புதுச்செடிகளை வேர் பிடிக்க விட்டு, பிறகே பழைய தூர்களை எடுங்கள்.

அறிகுறி: இரண்டு மாதமாக ஒன்றும் முளைக்கவில்லை. முடிந்துவிட்டதா?

சோதித்துப் பாருங்கள். ஓர் ஓரத்தில் கை அகல மூடாக்கை விலக்கி, மேல்மண்ணை லேசாகக் கீறி, மூன்று வாரம் ஈரம் குறையாமல் வைத்திருங்கள். கோரை இருந்தால் ஊசி முனை தெரியும். விதை இருந்தால் வித்திலை தெரியும். ஒன்றும் வரவில்லை என்றால் வேறொரு மூலையில் அதையே செய்யுங்கள். தூர் எடுத்த செடிக்கு இரண்டு மழைக்காலம், கோரைக்கு மூன்று ஆண்டு, விதைக் கையிருப்பு உள்ள செடிக்கு அதற்கும் மேல் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மரத்தடியும் வேலியோரமும் குப்பை காய வைத்த இடமும் சுற்றி வாருங்கள். நான் போகும்போது ஒரு சிறு களைக்கொத்தும் ஒரு பையும் கையில் இருக்கும். பெரும்பாலான மாதங்களில் பத்து நிமிட வேலைதான். சில மாதங்களில் பை காலியாகவே திரும்பி வருகிறது.